கஞ்சி ஏற்றினால் நிற்கும் வண்டி

குத்புதீனுக்கு எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பும் வழக்கம் கிடையாது. தர்பூசணியைத் தட்டுவார். அதை எல்லோரும்தான் செய்கிறார்கள். இவர் ஹோட்டல் அறைக்குள் போனதும் சுவரைத் தட்டுவார். விமானத்தில் ஏறினால், உட்காருவதற்கு முன்பு சீட்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். பெண் பார்க்கப் போன வீட்டில் கொடுத்த டீ கிளாஸையே விரலால் சுண்டிப் பார்த்தவர் அவர் என்று அமீனா இன்றுவரை சொல்லிக் காட்டுவாள். “நல்லவேளை, என்னையும் சுண்டிப் பார்க்கல” என்பாள்.

டாலஸ் பக்கம் ரிச்சர்ட்சனில் ஒரு டெலிகாம் கம்பெனியின் டெஸ்ட் லேபில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர். புதிதாகச் செய்து வரும் பெட்டிகளைச் சூட்டில் வைத்து, குளிரில் வைத்து, குலுக்கி, தாங்க முடியாத லோடு கொடுத்து, எந்த இடத்தில் அது உயிரை விடுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம். “சும்மா இருக்கிற பெட்டி எப்பவும் நல்ல பெட்டிதாம்ப்பா. லோடு வெச்சுப் பாரு, அப்பத்தான் அதோட குணம் தெரியும்” என்று புதிதாக வந்து சேரும் பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்வார். இதைப் படிப்பவர்கள் இந்தப் பேச்சைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் சொன்னவர் மறந்துவிட்டார்.

கம்பெனி கைமாறியது. லேபை இழுத்து மூடினார்கள். அதே வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த மனிதர் மைக்ரோவேவின் கதவை எத்தனை விதமாக மூடலாம் என்று ஆராயத் தொடங்கியபோது அமீனா பயந்துபோனாள். ஆலனில் வேலைக்குப் போகும் தெரிந்த பெண்கள் சிலருக்கு அவள் மதியச் சாப்பாடு கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். “மச்சான், பாக்ஸை எல்லாம் நீங்க கொண்டுபோய்க் குடுங்களேன்” என்றாள். அதிராம்பட்டினத்துப் பெண் அவள். புருஷனை மச்சான் என்றுதான் கூப்பிடுவாள். அவருக்கும் வெளியே போக ஒரு சாக்கு கிடைத்தது. சாப்பாட்டுக்கு ஆள் கூடியது. ஒரு ஸ்ட்ரிப் மாலின் பின்பக்கம் கமர்ஷியல் கிச்சனில் இடம் வாடகைக்கு எடுத்தார்கள். பிறகு கொரோலா காரின் பின்சீட்டில் பெட்டிகள் அடங்காமல் போனபோதுதான் வேன் வாங்கும் பேச்சு வந்தது.

அந்த வேனை அவர் பார்த்த இடம் மெஸ்கீட் பக்கம் பழைய வண்டிகள் விற்கும் ஒரு யார்டு. வெள்ளை நிறம், உயரமான கூரை. ஒரு காலத்தில் பூக்கடை வண்டி. பக்கவாட்டில் ஒட்டியிருந்த பெரிய ரோஜாப்பூவை உரித்து எடுத்துவிட்டார்கள், ஆனால் சாயங்கால வெயில் சாய்வாக விழுந்தால் அந்த ரோஜா மங்கலாகத் தெரியும். குத்புதீன் சுற்றிச் சுற்றி வந்து தட்டினார். உள்ளே படுத்துப் பார்த்தார். எஞ்சின் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டார். எல்லாம் சரி. ஒன்றே ஒன்றுதான் குறை: அதற்கு ரீபில்ட் டைட்டில்.

விபத்தில் அடிபட்ட வண்டியை இன்ஷூரன்ஸ்காரர்கள் ‘இது இனித் தேறாது’ என்று கைகழுவி விடுவார்கள். அதை யாராவது வாங்கிச் சரிபண்ணி, ஓடத் தகுதியானதுதான் என்று காட்டினால், மறுபடி ரோட்டுக்கு விடுவார்கள். ஆனால் அதன் பத்திரத்தில் ஆயுசுக்கும் ‘ரீபில்ட்’ என்ற முத்திரை போகாது. நம்மாட்களுக்கு இந்த வார்த்தையைக் கேட்டாலே குலை நடுங்கும். பழைய லேப் சிநேகிதர் ஸ்ரீநிவாசன் போன் பண்ணி, “ஓய், உமக்கு மூளை இருக்கா? அதைத் திருப்பி விக்கவே முடியாதுய்யா” என்று கத்தினார். ஆஸ்டினில் படிக்கும் மகள் ஃபைஹா, “வாப்பா, ப்ளீஸ் டோன்ட்” என்று மூன்றே வார்த்தையில் முடித்துக்கொண்டாள்.

குத்புதீனுக்கு அந்த முத்திரைமேல் கோபம்தான் வந்தது. அடிபட்டது, எழுந்து நிற்கிறது, ஓடுகிறது, இதற்குமேல் ஒரு வண்டி என்ன செய்ய வேண்டும்? மார்பில் ஸ்டென்ட்டோடு நடமாடும் தன்னையும் இப்படித்தான் ஊர் பேசுமோ என்று ஒரு நிமிஷம் தோன்றி, தோன்றியதற்கே வெட்கப்பட்டார். அமீனாவிடம் மட்டும் வந்து நின்றார்.

“ஏசி வேலை செய்யுதா?” என்று கேட்டாள் அமீனா.

“ஜில்லுன்னு இருக்கு.”

“அப்ப வாங்குங்க.”

வாங்கினார். வண்டி முத்தாக ஓடியது. காலையில் கிச்சனில் சாப்பாட்டுப் பெட்டிகளை ஏற்றினால் ஆலன், பிளேனோ, காப்பெல் என்று சுற்றிவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடுவார். ஒரு நாள்கூட இருமியதில்லை. ஸ்ரீநிவாசனுக்கு அந்த ரோஜா தெரியும் கோணத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவைத்தார்.

அப்புறம் ரமலான் வந்தது.

டாலஸ் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் ரமலானில் சனிக்கிழமைதோறும் ரிச்சர்ட்சனில் ஒரு ஹாலை வாடகைக்குப் பிடித்துச் சேர்ந்து நோன்பு திறப்பார்கள். அமீனா இந்த ஊருக்கு வந்த காலத்தில் நாலைந்து குடும்பம்தான் இருந்தது. அப்போது அவள் வீட்டுக் குக்கரில் வைத்த நோன்புக் கஞ்சிதான் கூட்டத்தோடு கூட வளர்ந்து, இப்போது அண்டா மாதிரி பெரிய பெரிய தேக்சாக்களில் கொதிக்கிறது. அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் கொத்துக்கறியும் குழைய வெந்து, கடைசியில் தேங்காய்ப்பாலும் புதினாவும் விழும்போது அந்தக் கிச்சனுக்கே ஊர் வாசனை வந்துவிடும். பிரியாணியை எந்தக் கடையிலும் வாங்கலாம். இந்தக் கஞ்சியை அந்தப் பகுதியில் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அமீனா தன்னைப் பற்றிப் பெருமையாக நினைத்துக்கொள்ளும் விஷயங்கள் மிகக் குறைவு. அதில் இது முதலாவது.

கஞ்சிக்கு ஒரே ஒரு சட்டம்தான். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்போது சூடாகக் கையில் இருக்க வேண்டும். பகலெல்லாம் காய்ந்த வயிறு பேரீச்சம்பழத்துக்கு அடுத்ததாக அதைத்தான் தேடும். நேரம் தவறினால் அது வெறும் கூழ்.

முதல் சனிக்கிழமை குத்புதீன் தேக்சாக்களை ஏற்றினார். மூடிகளின் மேல் ஈரத்துணி சுற்றிக் கயிற்றால் கட்டி, பெரியதைப் பின்கதவுக்குப் பக்கத்தில் இடதுபுறமும் மற்றதை அதற்கு முன்னாலும் நிறுத்தினார். வடையும் சமோசாவும் கொரோலாவில் அமீனாவோடு முன்னால் போய்விட்டன. செவன்ட்டி ஃபைவ் ஃப்ரீவேயில் ஒரு ஓவர்பாஸ் வரும். அங்கே ரோட்டுத் துண்டுகள் சேரும் இடத்தில் எந்த வண்டியும் ஒரு குதி குதிக்கும். வேனும் குதித்தது. குதித்ததோடு அணைந்துவிட்டது. ஓரமாக உருட்டி நிறுத்தி, சாவியைத் திருப்பித் திருப்பிக் கை வலித்ததுதான் மிச்சம்.

ஏற்பாடுகளைப் பார்க்கும் யாசின், காப்பெலில் ஐடி வேலையில் இருக்கும் பையன், இவர்களை அண்ணன், அக்கா முறையில் காக்கா, லாத்தா என்று கூப்பிடுபவன், கூட்டாளிகளோடு எஸ்யூவி எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். தேக்சாக்களைக் கஷ்டப்பட்டு மாற்றி ஏற்றினார்கள். கடைசித் தேக்சா இறங்கியதும் குத்புதீன் ஒரு ஆற்றாமையில் சாவியைத் திருப்பினார். வண்டி ஒன்றுமே நடக்காதது போல உயிர் பெற்றது.

“காக்கா, வண்டியும் நோன்பு போல!” என்றான் யாசின். “கஞ்சியைக் காட்டினா மயக்கம் போடுது.”

எல்லோரும் சிரித்தார்கள். குத்புதீனும் சிரித்தார். எஞ்சின் சூடாகி நின்றிருக்கும், இவ்வளவு நேரம் ஆறியதால் ஸ்டார்ட் ஆகிவிட்டது என்பது அவருடைய கணக்கு. கஞ்சி ஹாலுக்குப் போனபோது தொழுகையே முடிந்திருந்தது. ஆறி, மேலே ஏடு கட்டியிருந்தது. பெரியவர்கள் மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டுக் கப்பைக் கீழே வைத்ததை அமீனா பார்த்தாள். வீடு வரும்வரை வண்டியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் தாங்கிக்கொண்டிருப்பார்.

மெக்கானிக் ஹெக்டரின் கராஜ் கார்லண்டில் இருந்தது. பழைய ஆயில் சேஞ்ச் கடை, தரையில் வெட்டிய பள்ளத்தின்மேல் வண்டியை நிறுத்தி அடியிலிருந்து பார்க்கிற மாதிரி. அங்கே வண்டியைக் கொண்டுபோவதற்கு முன்னால் அமீனா அதைக் கழுவினாள். எப்படிக் கழுவினாள் என்பதைச் சொல்லியாக வேண்டும். உள்ளே இருந்த தட்டுமுட்டுச் சாமான், கூடை, கயிறு அத்தனையையும் இறக்கி, தரையைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி, எலுமிச்சை வாசனைத் தண்ணீரால் துடைத்து, கதவைத் திறந்துவைத்துக் காயவைத்தாள். புதுப்பெண் மாதிரி நின்றது வண்டி.

அது அவளுக்கு வீம்பு இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் ரிச்சர்ட்சன் அபார்ட்மெண்டில் ஒரு நாள் வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தாள். ஏதோ இன்ஸ்பெக்‌ஷன் என்று மேனேஜர் அம்மாள் வந்து கதவைத் தட்டினாள். திறந்ததும் அந்த அம்மாள் இரண்டு அடி பின்னால் போய், மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, வெளியே நின்றபடியே பேசிவிட்டுப் போனாள். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அமீனாவுக்கு அது போதும். அன்றிலிருந்து வீட்டுக்குப் பிளம்பர் வந்தாலும், பூச்சி மருந்து அடிப்பவர் வந்தாலும், முந்தின நாளே வாசனை வரும் எதையும் சமைக்க மாட்டாள். ஜன்னல்கள் திறக்கும், மெழுகுவத்தி எரியும். வெளியாள் மூக்குக்கு நம் அடுப்படி போய்ச் சேரக்கூடாது என்பது அவள் வைராக்கியம்.

ஹெக்டர் வண்டியைப் பார்த்து, தன் ஆயுசில் இவ்வளவு சுத்தமான வேலை வண்டியைக் கண்டதில்லை என்றார். அமீனா அதை அன்றே ஃபைஹாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். ஆனால் கோளாறு மட்டும் கிடைக்கவில்லை. கம்ப்யூட்டரை மாட்டினால், எஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ளும் பம்புக்கு எப்போதோ சிக்னல் தவறியிருக்கிறது என்றது. இப்போது எல்லாம் சரி என்றும் அதுவே சொன்னது. எதற்கும் இருக்கட்டும் என்று பம்பை மாற்றினார்கள். குத்புதீன் வெயிலில் ஊர் சுற்றி எஞ்சினைக் கொதிக்கக் கொதிக்க வைத்துப் பார்த்தார். வண்டி அசையவில்லை, அதாவது நிற்காமல் ஓடியது. “சரியாயிடுச்சு” என்று வீட்டில் அறிவித்தார்.

அடுத்த சனிக்கிழமை அமீனா முன்னால் போகவில்லை. “நான் உங்க பின்னாடியே வரேன் மச்சான்” என்றாள். கொரோலாவின் டிக்கியைக் காலி செய்து தார்ப்பாய் விரித்திருந்தாள். அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி அவர் வண்டியை எடுத்தார். வழியெல்லாம் பின்கண்ணாடியில் அந்த நீலக் கார் தெரிந்துகொண்டே இருந்தது. கட்டிய நாள் முதல் தன்னோடு முன்சீட்டில் வந்தவள், இன்று தன்னை நம்பாமல் பின்னால் வருகிறாள் என்ற நினைப்பு அவரை அரித்தது. அதே ஓவர்பாஸ் வந்தது. வண்டி குதித்தது, நின்றது.

பெரிய தேக்சாவைக் காரின் டிக்கிக்கு மாற்றும்போது அது சாய்ந்தது. கஞ்சி கொஞ்சம் வேனுக்குள்ளும் கொஞ்சம் ரோட்டிலுமாகக் கொட்டியது. மிச்சம் ஹாலுக்குப் போனபோது இருட்டிவிட்டது. தொழுகை முடிந்ததும் யாசின் தயங்கித் தயங்கி வந்தான். “லாத்தா, தப்பா நினைக்காதீங்க. அடுத்த வாரம் ரெஸ்டாரண்ட்ல ஹலீம் சொல்லிடலாமான்னு பேசிக்கிறாங்க. நீங்களும் நோன்பு வெச்சுக்கிட்டு எவ்வளவு கஷ்டப்படுறீங்க, ரெஸ்ட் எடுங்களேன்.”

“அதுக்கென்னப்பா, சரி” என்றாள் அமீனா. சொல்லிவிட்டுக் காலி கப்புகளைப் பொறுக்கப் போனாள். குத்புதீன் காலித் தேக்சாக்களை வேனுக்குள் ஏற்றினார். குக்கரில் தொடங்கிய கஞ்சி தன் வண்டியால் நின்றுபோகப் போகிறது.

மறுநாள் கிச்சனுக்குப் பின்னால் அமீனா குழாயைத் திறந்தாள். திங்கட்கிழமை ஹெக்டரிடம் போக வேண்டும், அதற்குள் வண்டியைக் கழுவ வேண்டும். தேக்சாக்கள் காலியாக உள்ளேதான் கிடந்தன. தரையில் கஞ்சி காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

“நான் பாட்டுக்குக் கழுவிக் கழுவி விடுறேன்” என்றாள், முகத்தைத் திருப்பாமல். “கழுவினா நல்லா ஓடுது. வெறும் வண்டியா ஊரெல்லாம் சுத்துது. நம்ம சட்டியை ஏத்தினா மட்டும் அதுக்கு ஆகல. நம்ம சாமான்னா அதுக்கும் எளக்காரம்தான்.”

குரல் கடைசியில் உடைந்தது. குத்புதீன் ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வெறும் வண்டியாக. ஹெக்டர் பார்த்தது வெறும் வண்டி. தான் வெயிலில் ஓட்டியதும் வெறும் வண்டி. நோகாமல் இறக்கி, கழுவி, துடைத்து, சுமையே இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு ஒரு வாரமாகச் சோதனை நடந்திருக்கிறது. சாப்பாட்டுப் பெட்டிகளுக்குக் கனமே கிடையாது. கஞ்சிதான் கனம். யாசின் விளையாட்டாகச் சொன்னதைத் தவிர வேறு யாரும் உருப்படியாக ஒன்றும் சொல்லவில்லை.

“குழாயை மூடு” என்றார்.

“ஏன்?”

“மூடு அமீனா. ஒண்ணையும் தொடாதே. அந்தக் கஞ்சிப் பொருக்கைக்கூடத் தொடாதே.”

திங்கட்கிழமை காலையில் தேக்சாக்களைப் பழைய இடத்திலேயே நிறுத்தி, குழாய்த் தண்ணீரை வாயளவுக்கு நிரப்பினார். பச்சைத் தண்ணீர், ஆறிய எஞ்சின். சூடுதான் காரணமென்றால் வண்டி ஓட வேண்டும். கனம் காரணமென்றால் நிற்க வேண்டும். அமீனா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மாலின் பின்பக்கச் சந்தில் ஒரு வேகத்தடை இருந்தது. வண்டி அதில் ஏறி இறங்கியது. டொக்கென்று அணைந்தது.

“அல்ஹம்துலில்லாஹ்!” என்று கத்திய குத்புதீன் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். வண்டி நின்றுபோனதற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட மனிதரை டெக்சாஸ் கண்டிருக்காது. அமீனா அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

“மச்சான், நோன்பு தலைக்கு ஏறிடுச்சா?”

“நின்னுடுச்சு பாரு! லோடு வெச்சதும் நின்னுடுச்சு! இதைத்தானே நான் லேப்ல எல்லாருக்கும் சொல்லிட்டு இருந்தேன். நம்ம வண்டிக்கு நானே செய்யல பாத்தியா.”

“நான்தானே கழுவி வெச்சேன்.”

“நீ கழுவினே. காலி வண்டியை டெஸ்ட் பண்ணின முட்டாள் நான்தானே.”

வண்டியை ஏற்றிப்போகும் டோ டிரக்கை வரவழைத்தார். ஒரு பாத்திரத்தையும் நகர்த்தக்கூடாது என்று அந்த ஆளிடம் கண்டிப்பாகச் சொன்னார். அமீனாவுக்குத்தான் உயிர் போயிற்று. இரண்டு நாள் வெயிலில் கஞ்சி காய்ந்து, பூண்டும் வெந்தயமும் புளித்த தேங்காய்ப்பாலுமாக ஒரு நெடி. எட்டு வீட்டுக்கு வீசும் என்பார்களே, அந்த மாதிரி. “ஹெக்டர் முன்னாடி இதை எப்படித் திறக்கிறது? ஒரே ஒரு தடவை துடைச்சுக்கிறேன்” என்று கெஞ்சினாள். அவர் விடவில்லை. வீட்டிலேயே இரு என்றதற்கும் அவள் சம்மதிக்கவில்லை. வந்து கராஜ் வாசலில் ஓரமாக நின்றுகொண்டாள்.

ஹெக்டர் பின்கதவைத் திறந்தார். நெடி வெளியே வந்தது. அமீனா தரையைப் பார்த்தாள். ஹெக்டர் ஒரு அடிகூடப் பின்னால் போகவில்லை. உள்ளே தலையை நீட்டி, தண்ணீர் தளும்பும் தேக்சாக்களையும் பொருக்குத் தட்டிய தரையையும் பார்த்துவிட்டு, இப்போதுதான் இது வேலை செய்கிற வண்டி மாதிரி இருக்கிறது, முன்பே இப்படிக் கொண்டு வந்திருக்கலாமே என்றார். அமீனாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மெதுவாக வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

வண்டியைத் தள்ளிப் பள்ளத்தின்மேல் நிறுத்தினார்கள். ஹெக்டர் டார்ச்சோடு கீழே இறங்க, குத்புதீன் முன்சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். சத்தமே இல்லை. வழக்கமாகச் சாவியைத் திருப்பினால் பெட்ரோல் பம்ப் வண்டு மாதிரி ஒரு முனகல் முனகும். அது இல்லை. கீழே ஹெக்டர் ஒரு கட்டையை எடுத்து, பெரிய தேக்சா நிற்கும் இடத்தை அடியிலிருந்து மேல்நோக்கித் தள்ளினார்.

“இப்போ திருப்பு” என்று குரல் வந்தது.

பம்ப் முனகியது. வெளியே நின்ற அமீனாவுக்கே கேட்டது.

இருவரையும் கீழே இறங்கிவரச் சொல்லிக் காட்டினார் ஹெக்டர். பூக்கடை வண்டியாக இருந்த காலத்தில் பின்னாலிருந்து யாரோ மோதியிருக்கிறார்கள். ரிப்பேர் செய்தவர்கள் அடிபட்ட தரைத்தகட்டை வெட்டி எடுத்துவிட்டு மெல்லிய தகடு ஒன்றை வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். அந்தத் தகட்டுக்கும் ஒரு இரும்புத் தாங்கிக்கும் நடுவே பம்புக்குச் சிக்னல் கொண்டுபோகும் ஒயர் நெருக்கிக்கொண்டு போகிறது. அதன் மேலுறை தேய்ந்து செம்பு மினுங்கியது. மேலே கனமான தேக்சா இருந்து, வண்டி ஒரு குதி குதித்தால் தகடு நகக்கண் அளவு அமுங்கும், செம்பு இரும்பைத் தொடும், பம்ப் நின்றுவிடும். பாத்திரத்தை இறக்கினால் தகடு எழும்பி, எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

குத்புதீன் அந்த ஒயரைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். வண்டிமேல் அவருக்குக் கோபம் வரவில்லை. நகக்கண் அளவு இடத்தில் நெருக்கிக்கொண்டு இத்தனை நாள் ஓடியிருக்கிறதே என்று பாவமாகத்தான் இருந்தது. ஹெக்டர் ஒயரை மாற்றி, வேறு வழியாகக் கொண்டுபோய், கனத்த உறை போட்டார். தகட்டுக்கு அடியில் இரும்புச் சட்டம் கொடுத்துப் பற்றவைத்தார். அன்று மாலையே தண்ணீர்த் தேக்சாக்களோடு அந்த ஓவர்பாஸில் குத்புதீன் போனார், வந்தார், மறுபடியும் போனார். வண்டி குதித்தது, ஓடியது.

யாசினுக்குப் போன் செய்தார். “காக்கா, ஹலீம் சொல்லியாச்சே” என்று அவன் இழுத்தான். “சரி, கஞ்சியும் வரட்டும். ஆனா லேட்டானா நாங்க வெயிட் பண்ண முடியாது. பெரியவங்க இருக்காங்க.”

சனிக்கிழமை வந்தது. கஞ்சி கொதித்து இறங்கியது. தேக்சாக்களை அதே இடத்தில் ஏற்றித் துணி கட்டினார். திரும்பிப் பார்த்தால் அமீனா வடைக் கூடையையும் சமோசாத் தட்டுகளையும் வேனுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“இதை எல்லாம் காருல வைக்கலையா?”

“கார் வீட்டுல நிக்குது. வரும்போது பக்கத்து வீட்டு ஜலஜா ஆன்ட்டிதான் டிராப் பண்ணினாங்க.”

“அமீனா, டெஸ்ட் பண்ணினது தண்ணியை வெச்சு. எதுக்கும் ஒரு பேக்கப் இருந்தா நல்லது. இன்னைக்கும் விட்டா அவ்வளவுதான். ஜலஜா ஆன்ட்டியைக் கூப்பிடு, நீ போய்க் காரை எடுத்துட்டு வா.”

“வேணாம்.”

“ஏன் அடம் பிடிக்கிறே?”

“நான் பின்னாடி வந்தா நீங்க ரோட்டைப் பார்க்க மாட்டேங்கிறீங்க” என்றாள் அமீனா. “கண்ணாடியிலே என்னையே பார்த்துக்கிட்டு ஓட்டினீங்க. ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் உங்க முகம் சின்னதாப் போச்சு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? கஞ்சி போனா போவுது. ஏறுங்க.”

ஏறி முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். உட்காருவதற்கு முன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள். அவரைக் கேலி செய்யத்தான். குத்புதீனுக்குக் கண் கலங்கிவிட்டது. நோன்பு நாளில் அழுகை சுலபமாக வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

செவன்ட்டி ஃபைவில் சனிக்கிழமைக் கூட்டம். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ஓவர்பாஸ் வந்தது. வண்டி குதித்தது. பின்னால் தேக்சாக்கள் கணீரென்றன. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் அவர் கண் பின்கண்ணாடிக்குப் போய் நீலக் காரைத் தேடியது.

“நான் இங்க இருக்கேன் மச்சான்” என்றாள் அமீனா.

ஹால் வாசலில் யாசின் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான். சாயங்கால வெயிலில் மங்கலான ரோஜாவோடு வேன் வந்து நின்றதும் ஓடிவந்து தேக்சாவின் ஒரு காதைப் பிடித்தான். “யா அல்லாஹ், சுடுது!” என்று கையை உதறிக்கொண்டான். துணியை அவிழ்த்ததும் எழுந்த ஆவி பந்தியின் கடைசிவரை போயிற்று. கப்புகள் நிறைந்து கைமாறி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் பாங்கு ஒலித்தது.

குத்புதீன் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார். தண்ணீர் குடித்தார். பிறகு அவசரத்தில், தட்டிப் பார்க்காமல், ஊதிக்கூடப் பார்க்காமல், கஞ்சியை ஒரு பெரிய மிடறு குடித்தார். நாக்கு பொத்துப்போனது.

தொழுகை முடிந்து தேக்சாவின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது யாசின் அமீனாவிடம் வந்தான். “லாத்தா, அடுத்த சனிக்கிழமையும் கஞ்சிதானே?”

“என்னை ஏன்ப்பா கேக்குறே? வண்டிக்காரரைக் கேளு” என்றாள் அமீனா.

யாசின் அவர் பக்கம் திரும்பினான். சுட்ட நாக்கை வைத்துக்கொண்டு குத்புதீனால் வாய் திறக்க முடியவில்லை. கண்ணில் நீர் நிற்க, தலையை மட்டும் பெரிதாக ஆட்டினார்.